கடலில்லா ஊரின் கடல் மரணங்கள்

நாமக்கல்லிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைக் காண நான்கைந்து மணி நேரமாவது சாலையில் போக வேண்டும். லாரி, கோழிப்பண்ணை, ஜவ்வரிசி ஆலை, ரிக் வண்டி என்று நிலத்தை நம்பியே பிழைக்கும் மண் இது. ஆனாலும் கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து கணிசமான இளைஞர்கள் வணிகக் கப்பல்களுக்குப் போயிருக்கிறார்கள். தறிப்பட்டறை வைத்திருந்தவரின் மகன், லாரி ஓட்டுநரின் மகன், இரண்டு ஏக்கர் மரவள்ளிக்காரரின் மகன் என்று பலரை நான் அறிவேன். நானும் அப்படிப் போனவன்தான். இயந்திர அறையில் தொடங்கித் தலைமைப் பொறியாளராக ஓய்வுபெற்றவன்.

ஊர் திரும்பிய பிறகு, கப்பலுக்குப் பிள்ளையை அனுப்பவிருக்கும் பெற்றோர் அவ்வப்போது என்னைத் தேடி வருவார்கள். சம்பளம் எவ்வளவு, புயல் வந்தால் என்ன ஆகும், கொள்ளையர் பயம் உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய் மட்டும்தான் வேறு கேள்வி கேட்டார். "ஏனுங்க, நடுக்கடல்ல பையனுக்கு மேலுக்குச் சொகமில்லைன்னா அங்க டாக்டரு இருப்பாருங்களா?" இத்தனை ஆண்டுகளில் என்னிடம் கேட்கப்பட்டவற்றில் மிகச் சரியான கேள்வி அதுதான். இருக்க மாட்டார் என்பதே அதற்கு விடை.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 100 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு மூன்று நாள்களுக்கு மேல் பன்னாட்டுப் பயணம் செய்யும் கப்பலில் மட்டுமே மருத்துவர் இருக்க வேண்டும் என்கிறது. பயணிகள் கப்பல்களுக்கு இது பொருந்தும். சரக்குக் கப்பலில் இருப்பவர்கள் இருபது முதல் இருபத்தைந்து பேர். மூன்று லட்சம் டன் கச்சா எண்ணெய் ஏற்றும் கப்பலிலும் அவ்வளவுதான். எனவே மருத்துவர் கிடையாது. மருந்துப் பெட்டியின் சாவி பெரும்பாலும் இரண்டாம் அதிகாரியிடம் இருக்கும். சில நாள் மருத்துவப் பயிற்சி பெற்ற அவர், வழிகாட்டி நூல் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு ஊசி போடுவார், தையலும் போடுவார். இருபத்தாறு வயதுப் பையனாக இருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் படித்தது கப்பலுக்கு வழி கண்டுபிடிக்க.

அவருக்குத் துணை, தொலைவிலிருந்து பேசும் மருத்துவர். வானொலி வழியே கப்பலுக்கு மருத்துவ ஆலோசனை சொல்லும் ஏற்பாடு ஒரு நூற்றாண்டாக இருக்கிறது. ரோம் நகரில் 1935இல் தொடங்கப்பட்ட மையம் இன்றும் எந்த நாட்டுக் கப்பலுக்கும் கட்டணமின்றி ஆலோசனை வழங்குகிறது. அதன் முதல் தலைவராக இருந்தவர் கம்பியில்லாத் தந்தியின் முன்னோடியான மார்க்கோனி. பல உயிர்களை இந்த ஏற்பாடு காப்பாற்றியிருக்கிறது. ஆனால் மருத்துவரின் குரலைக் கப்பலுக்குக் கொண்டுவரலாம், அறுவை அரங்கைக் கொண்டுவர முடியாது. ஹெலிகாப்டர் கரையிலிருந்து சில நூறு கிலோமீட்டர் வரைதான் வரும். அதற்கு அப்பால் இருப்பவர்களுக்குக் கப்பலின் வேகம்தான் கதி. கனிமம் ஏற்றிய கப்பல் மணிக்கு 13 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 24 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அந்த வேகத்தில் நாமக்கல்லிலிருந்து சேலம் போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

2004ஆம் ஆண்டு. பிரேசிலில் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு நன்னம்பிக்கை முனை வழியாகச் சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். மொத்தம் 22 பேர். அவர்களில் தமிழ் பேசியவர்கள் இருவர்தான், நானும் ஓர் ஆயிலரும். எடப்பாடிப் பக்கத்து நெசவாளர் குடும்பத்தவர். வயது 46. எல்லார் முன்பும் என்னைச் 'சார்' என்பார். தனியாக இருக்கும்போது 'ஏனுங்கண்ணா' என்பார். அட்லாண்டிக்கின் நடுவில், எந்தக் கரைக்கும் ஐந்து நாள் தொலைவில் இருந்தபோது, ஒருநாள் விடியற்காலைப் பணியில் நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். இயந்திர அறையின் வெப்பம் அன்று 44 டிகிரி. நாலு மாடி உயரத்துக்கு இரும்பு ஏணிகள். அவரைத் தூக்குப் படுக்கையில் கட்டி மேலே ஏற்றவே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

செயற்கைக்கோள் தொலைபேசியில் மருத்துவரைப் பிடித்தோம். அவர் கேட்டவற்றில் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் சொன்னோம். இதயத் துடிப்பு வரைபடம் எடுக்கக் கருவி இல்லை. ஆஸ்பிரின் கொடுக்கச் சொன்னார், நாவின் அடியில் வைக்கும் மாத்திரை கொடுக்கச் சொன்னார், பிராணவாயு கொடுக்கச் சொன்னார். எல்லாம் செய்தோம். அன்று மாலை எழுந்து உட்கார்ந்து ரசம் சோறு கேட்டார். மறுநாள் இரவு இறந்துபோனார்.

உடலை வைக்கக் கப்பலில் தனி இடம் கிடையாது. காய்கறி வைக்கும் குளிரறையைக் காலி செய்து அங்கே வைத்தோம். கேப் டவுனுக்கு வெளியே கப்பல் வேகத்தைக் குறைத்து நிற்க, ஒரு படகு வந்து அவரை வாங்கிக்கொண்டு போயிற்று. அதுவரை சமையற்காரர் அந்தத் தளத்துக்குத் தனியாகப் போக மறுத்துவிட்டார். நான் கூடப் போவேன்.

இறந்தவரின் உடைமைகளை இரு சாட்சிகள் முன்னிலையில் பட்டியலிடுவது கப்பல் வழக்கம். தலைவரும் நானும் அதைச் செய்தோம். நான்கு சட்டை, இரண்டு கைலி, மகளுக்கு வாங்கிய கைக்கடிகாரம். பெட்டியின் அடியில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் ரத்த அழுத்த மாத்திரையின் வெற்று அட்டைகள், ரப்பர் போட்டுக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. எண்ணிப் பார்த்தேன். எட்டு மாதங்களுக்கான மாத்திரை. அவர் கப்பலில் ஏறிப் பத்து மாதங்கள் ஆகியிருந்தன. மாற்று ஆள் வரத் தாமதமானதால் அவருடைய ஒப்பந்தம் இரண்டு முறை நீட்டிக்கப்பட்டிருந்தது.

அந்த அட்டைகளைப் பட்டியலில் சேர்க்க வேண்டுமா என்று தலைவர் என்னைப் பார்த்தார். அவர் ஏன் தயங்கினார் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பணியில் நேரும் நோய்க்கும் சாவுக்கும் கப்பல் உரிமையாளரே பொறுப்பு என்பது உலகப் பொது நெறி. அதற்குச் சில விலக்குகள் உண்டு. பணியில் சேரும்போது நோயை வேண்டுமென்றே மறைத்திருந்தால் அந்தப் பொறுப்பிலிருந்து உரிமையாளருக்கு விலக்கு அளிக்கலாம். பழைய மரபுகளில் இருந்த இந்த விலக்கு, 2006 உடன்படிக்கையிலும் தொடர்கிறது. மஞ்சப்பையிலிருந்த வெற்று அட்டைகள் எடப்பாடியிலிருந்த ஒரு விதவையின் இழப்பீட்டுக்கு எதிரான சாட்சியங்களாக மாறக்கூடும்.

நாங்கள் அவற்றைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அது சரியா என்று கேட்டால் இன்றும் என்னிடம் உறுதியான விடை இல்லை. அந்த அட்டைகள் ஆவணத்தில் ஏறியிருந்தால், ஒப்பந்தத்தை நீட்டித்ததால் மருந்து தீர்ந்துபோனது என்ற உண்மையும் கூடவே ஏறியிருக்கும். ஒரு குடும்பத்தைக் காப்பதாக நினைத்து அந்த உண்மையையும் சேர்த்துப் புதைத்தோம்.

அவர் ஏன் மறைத்தார் என்பதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். கப்பல் பணியாளர் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்ற மருத்துவரிடம் உடல் தகுதிச் சான்று பெற வேண்டும். பலரும் நினைப்பதுபோல், ரத்த அழுத்தம் இருந்தாலே வேலை போய்விடும் என்று விதி இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, மருந்தால் கட்டுக்குள் இருக்கும், மருந்தின் பக்கவிளைவு பணியைப் பாதிக்காத ரத்த அழுத்தக்காரர் தகுதியானவரே. ஆனால் நடைமுறை வேறு. நிறுவனங்கள் சட்டத்துக்கு மேல் தமக்கென்று கடுமையான அளவுகோல்களை வைத்துக்கொள்கின்றன. வரிசையில் நூறு பேர் நிற்கும்போது மாத்திரை சாப்பிடும் ஒருவரை ஏன் எடுக்க வேண்டும்? கடைநிலைப் பணியாளருக்கு ஒவ்வொரு பயணமும் புதிய ஒப்பந்தம். ஊரில் இருக்கும் மாதங்களுக்கு அவர்களில் பலருக்குச் சம்பளம் இல்லை. எனவே பரிசோதனைக்கு முந்தைய இரவு மாத்திரையைக் கூட்டிப் போட்டுக்கொண்டு, காலையில் உப்பில்லாக் கஞ்சி குடித்துவிட்டுப் போகிறவர்களை எனக்குத் தெரியும். சர்க்கரையை மறைப்பவர்களும் உண்டு. வீட்டுக்கு வீடு சர்க்கரை நோயாளி இருக்கும் தமிழ்நாட்டில், நாற்பதைத் தாண்டிய கப்பல்காரர்களுக்கு மட்டும் அது வராமல் போக ஏதும் காரணம் உண்டா?

அப்படி மறைத்தவர் கப்பலில் பேசாமல் இருப்பார். தலைசுற்றினால் சொல்ல மாட்டார். மாத்திரை தீர்ந்தால் இரண்டாம் அதிகாரியிடம் கேட்க மாட்டார். கப்பலின் மருந்துப் பெட்டியிலேயே அந்த மாத்திரை இருக்கக்கூடும்.

கப்பல்காரர் எதனால் சாகிறார் என்று கேட்டால் பொதுமக்கள் புயல் என்பார்கள். விபத்து அதிகம்தான். 1976 முதல் 1995 வரையிலான பிரிட்டன் தரவுகளை ஆராய்ந்து 'லான்செட்' மருத்துவ இதழில் 2002இல் வெளியான ஆய்வு, கப்பல் பணியாளர் பணியிட விபத்தில் இறக்கும் அபாயம் பிற தொழிலாளர்களைவிட 26 மடங்கு என்று கண்டது. ஆனால் நோயும் அதற்கு இளைத்ததல்ல. உலக நாடுகள் 2023ஆம் ஆண்டுக்கு அளித்த கணக்கில் சுமார் 400 கடல் பணியாளர் மரணங்கள் பதிவாயின; அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நோயால் நேர்ந்தவை. இதய நோய் நெடுங்காலமாகவே இந்தத் தொழிலின் முதன்மை எதிரி. இரவும் பகலும் மாறி மாறிப் பணி, புகை, எண்ணெய்ச் சாப்பாடு, நடக்க இடமின்மை, ஓய்வு நேரப் பதிவேட்டில் மட்டுமே இருக்கும் ஓய்வு. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்பது விதி. துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் நாள்களில் அந்த விதி எப்படிக் காப்பாற்றப்படுகிறது என்பதைப் பேனா மட்டுமே அறியும்.

இன்னொரு வகைச் சாவு நம் பகுதிக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். பாழுங்கிணற்றிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஒருவர் இறங்கி மயங்கி விழுவார், அவரைத் தூக்க அண்ணன் இறங்குவார், அண்ணனைத் தூக்கப் பக்கத்து வீட்டுக்காரர் இறங்குவார். கப்பலிலும் அதேதான் நடக்கிறது. பூட்டிக் கிடக்கும் தொட்டியின் இரும்புச் சுவர் துருப்பிடிக்கும்போது உள்ளே இருக்கும் பிராணவாயுவை அது தின்றுவிடுகிறது. காற்றில் 21 விழுக்காடு இருக்க வேண்டிய பிராணவாயு மிகவும் குறைந்துபோனால் மனிதர் ஓரிரு மூச்சில் சரிந்துவிடுவார். நிலக்கரியும் மரத்தடியும் ஏற்றிய அறைகளிலும் இதே கதை. வாடை இராது, எரிச்சல் இராது. காப்பாற்றப் போனவர்களும் பிணமாகவே மேலே வருகிறார்கள். 2015 முதல் எல்லாக் கப்பல்களிலும் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை இதற்கான மீட்புப் பயிற்சி கட்டாயம். இருந்தும் சாவுகள் நிற்கவில்லை. நண்பன் கீழே கிடப்பதைப் பார்த்தவனின் கால் பயிற்சியை நினைத்துக்கொண்டு நிற்பதில்லை.

தற்கொலை பற்றிப் பேச எங்கள் தலைமுறைக்கு வராது. ஒருவர் இரவில் கப்பலிலிருந்து காணாமல் போனால் 'தவறி விழுந்தார்' என்று எழுதிவிடுவோம். சில வேளை அது உண்மை. சில வேளை குடும்பத்துக்காக எழுதியது. ஏனெனில் பல ஒப்பந்தங்களில் தற்கொலைக்கு இழப்பீடு இல்லை. கொரோனா காலத்தில் இந்தச் சுமை உச்சத்தைத் தொட்டது. 2020 இறுதியில் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் சுமார் 4 லட்சம் பேர் கப்பல்களில் சிக்கியிருந்தார்கள். நோயாளியை இறக்கவே துறைமுகங்கள் மறுத்தன. 2021 ஏப்ரலில் 'இடல் லிபெரா' என்ற சரக்குக் கப்பலின் இத்தாலியத் தலைவர் கடலில் இறந்தபோது அவருடைய உடலை வாங்கிக்கொள்ள வழியிலிருந்த நாடுகள் இசையவில்லை. கப்பல் அவரைச் சுமந்துகொண்டே இத்தாலி போய்ச் சேர இரண்டு மாதங்களாயின. தலைவருக்கே இந்த நிலை.

இந்தக் கசப்பிலிருந்து ஒரு நன்மையும் பிறந்தது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைக்கு 2022இல் கொண்டுவரப்பட்ட திருத்தங்கள் 2024 டிசம்பர் 23 அன்று நடைமுறைக்கு வந்தன. உடனடி மருத்துவ உதவி தேவைப்படுபவரைத் துறைமுக நாடு இறக்கிக்கொள்ள வேண்டும். இறந்தவர் உடலைத் தாயகம் அனுப்ப நாடுகள் வழிசெய்ய வேண்டும். கப்பலில் நேரும் ஒவ்வொரு மரணமும் விசாரிக்கப்பட்டு, பதியப்பட்டு, ஆண்டுதோறும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். அந்தக் கணக்கு உலகறிய வெளியிடப்பட வேண்டும். மேலே சொன்ன 2023 கணக்கு இந்த ஏற்பாட்டின் முதல் விளைச்சல். அதுவரை, ஏறத்தாழ 19 லட்சம் பேர் பணியாற்றும் ஒரு தொழிலில் ஆண்டுக்கு எத்தனை பேர் சாகிறார்கள் என்று சொல்ல உலகில் எவரிடமும் ஒரு பேரேடு இல்லை.

எண்ணுவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நாமக்கல்லிடம் விடை உண்டு. எச்.ஐ.வி. பரவலில் மாநிலத்தின் முன்வரிசையில் இந்த மாவட்டத்தின் பெயர் அடிபட்ட காலம் ஒன்று இருந்தது. லாரித் தொழிலின் மீது பழி விழுந்தது. பெண் கொடுக்கத் தயங்கினார்கள். ஆனால் எண்ணிக்கை கண்முன் நின்றதால்தான் பரிசோதனை மையங்கள் வந்தன, லாரிப் பேட்டைகளில் விழிப்புணர்வு நடந்தது, அரசு மருத்துவமனையில் கூட்டு மருந்துச் சிகிச்சை கிடைத்தது. சாவைக் கணக்கெடுத்த ஊர் சாவைக் குறைத்தது. லாரி ஓட்டுநரின் நோய் ஊரறிந்தது, கப்பல்காரரின் நோய் அவர் பெட்டிக்குள் இருக்கிறது என்பதே வேறுபாடு.

புதிய கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. கப்பலில் இறந்தவர் கணக்கில் வருவார். நோயோடு இறக்கப்பட்டு, ஊருக்கு வந்து, ஆறு மாதம் கழித்துச் சேலத்து மருத்துவமனையில் இறப்பவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். பழைய கப்பல்களின் இயந்திர அறையில் கல்நார் சுற்றிய குழாய்களைப் பிரித்தவர்கள் நாங்கள். கப்பல்களில் கல்நாரைப் புதிதாகப் பயன்படுத்த 2002 முதல் கட்டுப்பாடும் 2011 முதல் முழுத் தடையும் வந்தன. அந்தத் தூசு நுரையீரலில் நோயாக வெளிப்பட இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் நிறுவனம் பெயர் மாறியிருக்கும், கப்பல் உடைபட்டிருக்கும்.

இந்தியா 2015இல் இந்த உடன்படிக்கையை ஏற்றது. 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்துக்கு மாற்றாக 2025இல் நாடாளுமன்றம் புதிய சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. ஏட்டில் குறையில்லை. ஆனால் எடப்பாடியிலோ சேந்தமங்கலத்திலோ இருக்கும் குடும்பத்துக்குக் கப்பல் துறை என்பது மும்பையில் உள்ள ஓர் அலுவலகம். ஆங்கிலத்திலோ இந்தியிலோ பேசும் ஒரு குரல். உடல் வர வேண்டுமானால் வெளிநாட்டு இறப்புச் சான்று, பிரேதப் பரிசோதனை அறிக்கை, உடலைப் பதப்படுத்திய சான்று, தூதரகத்தின் தடையின்மைச் சான்று என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தாள்கள் சேர வேண்டும். மகன் உரிமம் பெற்ற ஆள்சேர்ப்பு நிறுவனம் வழியாகப் போயிருந்தால் இவற்றைக் கேட்டு வாங்க ஒரு முகவரி உண்டு. முகவருக்கு லட்சக்கணக்கில் கொடுத்து, கொடியும் உரிமையாளரும் தெரியாத கப்பலில் ஏறியிருந்தால் அதுவும் இல்லை. உரிமையாளர்களால் 2024இல் கைவிடப்பட்ட கப்பல்களில் தவித்த 3,000க்கும் மேற்பட்டோரில் இந்தியர்களே அதிகம் என்கிறது பன்னாட்டுப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு. குடிநீருக்கே வழியில்லாத அந்தக் கப்பல்களில் ரத்த அழுத்த மாத்திரைக்கு எங்கே போவது?

எடப்பாடிக் குடும்பத்துக்கு இழப்பீடு வந்தது. உடல் வந்து சேர 19 நாள்களாயின. நான் ஒப்பந்தம் முடிந்து இறங்கியபோது அவர் இறந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. வீட்டுக்குப் போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய மனைவி தறியை நிறுத்திவிட்டு வந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "கடைசியா ஏதாச்சும் சாப்பிட்டாருங்களா?" ரசம் சோறு என்றேன்.

போன மாதம் ராசிபுரத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். 38 வயது, ஃபிட்டர், இரண்டு குழந்தைகள். ஓராண்டாக ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறாராம். அடுத்த வாரம் மருத்துவப் பரிசோதனை. சொல்லலாமா, வேண்டாமா என்று கேட்டார். சொல்லுங்கள் என்றேன். கட்டுக்குள் இருந்தால் தகுதி உண்டு என்ற வழிகாட்டுதலைக் காட்டினேன். ஒப்பந்த மாதங்களைவிட மூன்று மாதங்களுக்குக் கூடுதலாக மருந்தையும், மருத்துவரின் ஆங்கிலச் சீட்டையும் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மறைத்தால் குடும்பத்துக்கு என்ன ஆகலாம் என்பதையும் விளக்கினேன்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சொன்னா இந்தத் தடவை எடுக்கலீன்னா, வீட்டுக் கடனை யாருங்க சார் கட்டுறது?" என்றார். எழுந்து போகும்போது, மாத்திரைகளை எந்த அட்டையில் வாங்கினால் பெட்டியில் இடம் குறைவாகப் பிடிக்கும் என்று விசாரித்தார்.